வரிமுடிவை வழியில் திருத்தாதீர்கள்

விண்டோஸில் இருந்த ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வரில் ஏற்றினோம், ஓடவில்லை. ஏன் என்று கேட்டால் எந்த மென்பொருள் அலுவலகத்திலும் ஒரே பதில்தான் வரும்: "விண்டோஸ் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் வேண்டாத ஓர் எழுத்தைச் சேர்த்துவிடும். கிட்டில் ஆட்டோசிஆர்எல்எஃப் போட்டுவிடு. இல்லாவிட்டால் ஒரு தடவை டாஸ்2யுனிக்ஸ் ஓட்டிவிடு. முடிந்தது." வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இந்தப் பாடம் ஆகிவிடுகிறது. யாரும் மறுத்துக் கேட்பதில்லை. இந்தப் பதிலுக்குள் ஒரு வரலாறும் ஒரு வைத்தியமும் இருக்கின்றன. வரலாறு தவறு. வைத்தியம் அதைவிடத் தவறு. பல சமயம் நோயைக் கொண்டுவருவதே அதுதான்.

வரலாற்றை முதலில் முடித்துவிடலாம். ஆஸ்கி எழுத்துத் தொகுதியில் 13ஆம் எண் 'கேரியேஜ் ரிட்டர்ன்': அச்சடிக்கும் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவா என்ற கட்டளை. 10ஆம் எண் 'லைன் ஃபீட்': தாளை ஒரு வரி நகர்த்து. 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 வினாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். வலது ஓரம்வரை போன தலை திரும்பி வர ஓர் எழுத்து அடிக்கும் நேரம் போதாது. அதனால் முதலில் 13 அனுப்பினார்கள், அடுத்து 10 அனுப்பினார்கள். தாள் நகர்வதற்குள் தலை வந்து சேர்ந்துவிடும். டெக் நிறுவனத்தின் இயங்குதளங்கள் இந்த இரட்டையை வைத்துக்கொண்டன. கேரி கில்டாலின் சிபி/எம் அங்கிருந்து எடுத்தது. 1981இல் எம்எஸ்-டாஸ் சிபி/எம்மிடமிருந்து எடுத்தது. மைக்ரோசாஃப்ட்டின் சொந்தச் சரக்கு என்று இதில் எதுவுமே இல்லை. வழக்கத்தை மாற்றியவர்கள் எதிர்ப்பக்கத்துக்காரர்கள்: கோப்பில் 10 மட்டும் போதும் என்று முடிவெடுத்தது மல்டிக்ஸ், அதைப் பின்பற்றியது யுனிக்ஸ். நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யுனிக்ஸும் 13ஐ ஒழித்துவிடவில்லை. கோப்பிலிருந்து எடுத்து டெர்மினல் டிரைவருக்குள் வைத்தது, அவ்வளவுதான். இன்றைய லினக்ஸ் டெர்மினலில் எஸ்டிடிஒய் கட்டளை கொடுத்து ஒஎன்எல்சிஆர் என்ற அமைப்பை அணைத்துவிட்டு ஒரு ஃபோல்டரின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்கி, வலப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். பழைய மேக் கணினிகள் 13ஐ மட்டும் வைத்திருந்தன. 2001இல் மேக் ஓஎஸ் டென் வந்தபோதுதான் அவை 10க்கு மாறின.

இந்தப் பழங்கதை எதற்கு என்றால், 'விண்டோஸ் என்றால் 13-10, லினக்ஸ் என்றால் 10' என்ற வாய்ப்பாடு எவ்வளவு மேலோட்டமானது என்பதைக் காட்டத்தான். இணையத்தின் அஞ்சல் நெறியான எஸ்எம்டிபி 1982இல் எழுதப்பட்டது. விண்டோஸின் முதல் பதிப்பு வந்தது 1985இல். அந்த நெறியில் ஒவ்வொரு வரியும் 13-10இல்தான் முடிய வேண்டும். ஹெச்டிடிபி 1.1இன் தலைப்பு வரிகளும் அப்படித்தான். லினக்ஸ் சர்வர் ஒன்று இன்னொரு லினக்ஸ் சர்வருக்கு அஞ்சல் அனுப்பினாலும், இடையில் விண்டோஸின் நிழல்கூடப் படாவிட்டாலும், கம்பியில் போவது 13-10. சிஎஸ்வி கோப்புக்கு 2005இல் எழுதப்பட்ட ஆர்எஃப்சி 4180 சொல்வதும் 13-10 தான். ஆக, வரி எப்படி முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கோப்பின் வடிவமும் அதைப் படிக்கப்போகும் நிரலும். கோப்பு எந்தக் கணினியில் கிடக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கணினியைப் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்றைக்கு எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய உதாரணம் டாக்கர். ஒருவர் லினக்ஸில் ஸ்கிரிப்ட் எழுதுகிறார். வரிகளெல்லாம் 10இல் முடிகின்றன, சுத்தமான கோப்பு. ரெப்போவில் சேர்க்கிறார். விண்டோஸ் மடிக்கணினி வைத்திருக்கும் தோழர் அதை இறக்குகிறார். அவருடைய கிட்டில் ஆட்டோசிஆர்எல்எஃப் 'ட்ரூ' என்று இருக்கிறது, ஏனென்றால் கிட்டை நிறுவும்போது முதலில் வந்து நிற்கும் தேர்வு அதுதான். கிட் அந்த ஸ்கிரிப்டின் ஒவ்வொரு 10க்கும் முன்னால் ஒரு 13ஐ நுழைத்து வட்டில் எழுதுகிறது. அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. டாக்கர் இமேஜ் கட்டுகிறார். ஸ்கிரிப்ட் அப்படியே லினக்ஸ் கன்டெய்னருக்குள் போகிறது. ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை' என்று செய்தி வருகிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! பாதையைச் சரிபார்க்கிறார், அனுமதியைச் சரிபார்க்கிறார், இமேஜை மறுபடி கட்டுகிறார். நடந்தது என்னவென்றால், லினக்ஸ் கெர்னல் முதல் வரியை 10வரை படித்து, 'பாஷ்' என்ற பெயரோடு ஒட்டியிருந்த 13ஐயும் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு நிரலைத் தேடி, இல்லை என்கிறது. அது இல்லை என்று சொன்னது நிரலை; நாம் தேடிக்கொண்டிருந்தது ஸ்கிரிப்டை.

இதில் 13ஐ நுழைத்தது யார்? விண்டோஸ் இல்லை. எழுதியவர் இல்லை, இறக்கியவரும் இல்லை. நோய்க்கு மருந்து என்று எல்லோரும் கைகாட்டும் அந்த ஆட்டோ அமைப்புதான். 'இது விண்டோஸ் கணினி, ஆகவே இந்தக் கோப்பைப் படிக்கப்போவதும் விண்டோஸ் நிரல்தான்' என்று அது ஊகித்தது. கன்டெய்னரும் விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸும் (டபிள்யூஎஸ்எல்) வந்த பிறகு அந்த ஊகத்துக்கு அடித்தளமே கிடையாது. ஒரே ஃபோல்டரை ஒருபுறம் விண்டோஸ் கிட்டும் மறுபுறம் டபிள்யூஎஸ்எல் கிட்டும் பார்த்தால், ஒன்றுமே செய்யாத கோப்புகள் எல்லாம் 'மாறிவிட்டன' என்று வந்து நிற்பது இதனால்தான்.

வழியில் திருத்துவது எவ்வளவு பழைய பிழை என்பதை எஃப்டிபி பயன்படுத்தியவர்கள் அறிவார்கள். 1985இன் எஃப்டிபி நெறியில் இயல்பு நிலை 'ஆஸ்கி' முறை. அனுப்பும்போது வரிமுடிவைத் தானே மாற்றிக்கொள்ளும். உரைக்கோப்புக்கு உதவி, ஜிப்புக்கும் படத்துக்கும் நாசம். கடிதம் கொண்டுவரும் தபால்காரர் வழியில் உறையைப் பிரித்து எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா? கோப்பு விஷயத்தில் மட்டும் அதைச் சேவை என்று ஏற்றுக்கொண்டோம். இந்தச் சேதத்தைத் திருப்பவும் முடியாது. படக்கோப்பில் 13-10 என்று இருந்த இடமும் 10 என்று மட்டுமே இருந்த இடமும் ஒரே மாதிரி ஆகிவிட்ட பிறகு, எது எதுவாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

பிஎன்ஜி பட வடிவத்தை 1990களின் நடுவில் வகுத்தவர்கள் இதில் எவ்வளவு நொந்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கோப்பின் முதல் எட்டு பைட்டுகளே சாட்சி: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. 137ஐ அடுத்து இருக்கும் மூன்றும் 'பிஎன்ஜி' என்ற எழுத்துகள். அடுத்து வரும் 13-10 ஒரு கண்ணி: யாராவது அதை 10 ஆகச் சுருக்கியிருந்தால் உடனே தெரிந்துவிடும். 26 என்பது டாஸில் கோப்பின் முடிவைக் குறிக்கும் எண். படத்தைத் தெரியாமல் டைப் கட்டளையால் திரையில் கொட்டினால் அங்கேயே நின்றுவிடும். கடைசி 10 இன்னொரு கண்ணி: அதற்கு முன் யாராவது 13ஐச் சேர்த்திருந்தால் அகப்படும். முதலில் நிற்கும் 137, எட்டாவது பிட்டை வெட்டிவிடும் வழித்தடங்களைப் பிடிக்க. வழியில் கைவைப்பவர்களைப் பிடிப்பதற்காகவே ஒரு வடிவம் தன் நெற்றியில் பொறி வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறது என்றால், அந்த வழக்கம் எவ்வளவு படங்களைத் தின்றிருக்க வேண்டும்!

'ஒருதடவை மாற்றிவிட்டால் போகிறது' என்ற இன்னொரு வைத்தியத்துக்கு வருவோம். டாஸ்2யுனிக்ஸ் நிரலைக் குறை சொல்லமாட்டேன். பைனரி என்று தெரிந்தால் அது கோப்பைத் தொடாது, தொடக்கக் குறியுள்ள யுடிஎஃப்-16 கோப்பையும் புரிந்துகொள்ளும். ஆனால் அவசரத்தில் கைக்கு வருவது அது இல்லை. டிஆர் கட்டளையில் 13ஐ நீக்கு என்று ஒரு வரி, அல்லது ஃபைண்டையும் செட்டையும் சேர்த்து ஃபோல்டர் முழுவதற்கும் ஒரு வரி. அந்த இரண்டாவது வரி கிட்டின் மறைவு ஃபோல்டருக்குள்ளும் நுழைந்து, சுருக்கி வைத்திருக்கும் பொருள்களில் 13-10 எங்கே தென்பட்டாலும் வெட்டிவிடும். ரெப்போவே போய்விடும்.

டிஆர் வரி தமிழ்க் கோப்பில் செய்யும் வேலையை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. பழைய நோட்பேடில் தமிழை 'யூனிகோட்' என்று தேர்ந்து சேமித்த கோப்புகள் யுடிஎஃப்-16இல் இருக்கும். அதில் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் இரண்டு பைட்டுகள். வரிமுடிவு 13, 0, 10, 0 என்று நான்கு பைட்டுகள். அதில் 13ஐ மட்டும் உருவினால் மூன்று மிஞ்சும். அந்த இடத்திலிருந்து ஜோடி தப்பிப்போய், அடுத்த வரி முழுக்க ஒரு பைட் தள்ளிப் படிக்கப்படும். 'க' இருந்த இடத்தில் சீன எழுத்து. 'ம' இருந்த இடத்தில் கொரிய எழுத்து. அந்த வரியின் முடிவிலும் ஒரு 13 போயிருக்கும் அல்லவா, அதனால் ஜோடி மீண்டும் சேர்ந்துகொள்ளும். மூன்றாம் வரி நல்ல தமிழில் வரும், நான்காவது மறுபடி கெடும். ஒன்றுவிட்டு ஒரு வரி கெட்ட கோப்பைப் பார்த்தவர்கள் எழுத்துரு கோளாறு என்று நினைத்துத் தலையை உடைத்துக்கொள்வார்கள். தமிழுக்கு இவ்வளவோடு போயிற்று, ஏனென்றால் நம் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் மேல் பைட் 11. மலையாளத்துக்கும் சிங்களத்துக்கும் அது 13. அந்த மொழிக் கோப்பில் இதே கட்டளை ஒவ்வோர் எழுத்திலும் பாதியைப் பிடுங்கிவிடும். குர்முகிக்கும் குஜராத்திக்கும் மேல் பைட் 10. எதிர்த்திசையில் மாற்றும்போது அவர்கள் பாடு. யுடிஎஃப்-8இல் இந்த ஆபத்து இல்லை. அதில் நம் எழுத்துகளின் பைட்டுகள் எல்லாமே 127க்கு மேற்பட்டவை. ஆனால் கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமலேயே ஓட்டுவதுதானே அந்த ஒற்றை வரியின் கவர்ச்சி.

சிஎஸ்வியில் கதை இன்னும் நுட்பமானது. விண்டோஸ் எக்செல்லில் ஒரு செல்லுக்குள் ஆல்ட்டோடு என்டர் அடித்து முகவரியை மூன்று வரியாக எழுதினால், உள்ளே விழுவது 10. வரிசை முடியும் இடத்தில் விழுவது 13-10. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தகவல். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினால் அந்தத் தகவல் போய்விடுகிறது. மேற்கோள் குறியை ஒழுங்காகப் பார்க்காத நிரலுக்கு ஒரு வாடிக்கையாளர் மூன்று வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். மாற்றாமலே மையெஸ்க்யூஎல்லில் ஏற்றினாலோ, அதன் இயல்பு வரிமுடிவு 10 என்பதால், கடைசி நெடுவரிசையில் ஒவ்வொரு மதிப்பின் வாலிலும் ஒரு 13 தங்கிவிடும். பின்கோடு 600001 என்று திரையில் தெரியும். 600001 என்று தேடினால் கிடைக்காது. இங்கேயும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஏற்றும் கட்டளையில் 'வரி 13-10இல் முடிகிறது' என்று எழுத வேண்டும். கோப்பைத் தொட வேண்டியதே இல்லை.

பைத்தான் கற்கும் மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்கும் கேள்வி: விண்டோஸில் சிஎஸ்வி எழுதினால் எக்செல்லில் ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஏன் ஒரு வெற்று வரிசை? சிஎஸ்வி நிரல்தொகுதி முறைப்படி 13-10 எழுதுகிறது. அதற்குக் கீழே இருக்கும் உரைமுறை, 'இது விண்டோஸ், 10ஐக் கண்டால் 13-10 ஆக்க வேண்டும்' என்று உதவிக்கு வருகிறது. விளைவு 13-13-10. நியூலைன் என்ற இடத்தில் வெற்றுச் சரத்தைக் கொடுத்து அந்த உதவியை நிறுத்தினால் சரியாகிவிடும். மறுபடியும் அதே கதை: மேலே இருந்தவர் வேலையைச் சரியாகச் செய்தார், நடுவில் இருந்தவர் திருத்தினார்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. விண்டோஸின் நோட்பேட் 10ஐ மட்டும் வைத்து முடியும் கோப்பைக் காட்டத் தெரியாமல், எல்லா வரியையும் ஒன்றாக ஒட்டிக் காட்டிக்கொண்டிருந்தது, 2018இல்தான் கற்றுக்கொண்டது. கிட்டில் ஆட்டோ அமைப்பு வந்த காலத்தில் அது தேவைதான். அதை வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் நோட்பேடே திருந்திவிட்ட பிறகும் அந்தக் கட்டுப்போட்டுக்கொண்டு நடக்க வேண்டுமா?

'நிரல்கள் எல்லாம் தாராளமாக எந்த வரிமுடிவையும் ஏற்றுக்கொண்டால் பிரச்சினையே இல்லையே' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எடிட்டருக்கு அது பொருந்தும். இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் பொருந்தாது. 2023 டிசம்பரில் ஆஸ்திரியாவின் எஸ்இசி கன்சல்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டிமோ லோங்கின் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. எஸ்எம்டிபியில் ஒரு கடிதம் முடிந்தது என்பதற்கு அடையாளம் 13-10, ஒரு புள்ளி, மறுபடி 13-10. சில சர்வர்கள் தாராளமாக 10, புள்ளி, 10 என்பதையும் முடிவாக ஏற்றுக்கொண்டன. வேறு சில அதை முடிவாகக் கருதாமல், கடிதத்தின் உடலில் இருக்கும் சாதாரண வரி என்று அப்படியே கடத்திவிட்டன. இந்த இருவருக்கும் இடைப்பட்ட கருத்து வேறுபாட்டுக்குள் ஒரு முழுப் போலிக் கடிதத்தை வைத்து அனுப்ப முடிந்தது. அனுப்பும் சர்வருக்கு அது ஒரே கடிதம். பெறும் சர்வருக்கு இரண்டு, இரண்டாவதில் அனுப்புநர் பெயர் யாருடையதாகவும் இருக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில், எக்ஸிம் எல்லாமே திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. டி. ஜே. பெர்ன்ஸ்டீனின் க்யூமெயில் 1990களிலேயே தனி 10ஐக் கண்டால் கடிதத்தை ஏற்க மறுத்தது. அப்போது அதைப் பிடிவாதம் என்றவர்கள் உண்டு.

'அப்படியானால் எங்கும் 10 என்று வைத்துவிடலாம்' என்பது எனக்கு மிக அருகில் நிற்கும் வாதம். பெரும்பாலான கோப்புகளுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் விண்டோஸின் பேட்ச் கோப்பை 10இல் முடித்தால், 'கோட்டூ' தேடும் லேபிள் சில சமயம் கிடைக்காமல் போகும். எப்போது என்பது கோப்பில் அந்த லேபிள் விழும் இடத்தைப் பொறுத்தது. இதைவிட மோசமான வழு வேறு வேண்டுமா? சோதனைக்காக வைத்திருக்கும் மாதிரி அஞ்சல்கள் 13-10இல்தான் இருக்க வேண்டும். கையொப்பமிட்ட கோப்பையும் ஹாஷ் எடுத்த கோப்பையும் யாரும் தொடக்கூடாது. ஓபன்பிஜிபியைப் பாருங்கள்: உரையாகக் கையொப்பமிடும்போது, வட்டில் எப்படி இருந்தாலும் கணக்குக்கு 13-10 என்று நெறியிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஊகத்துக்கு இடமில்லை, சண்டையும் இல்லை.

எழுதிவைப்பதுதான் வழி. கிட்டில் 2010 முதலே அதற்கு இடம் இருக்கிறது: ரெப்போவின் மேல் ஃபோல்டரில் கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற கோப்பு. 'எல்லா உரைக்கோப்பும் எல்எஃப்', அதாவது 10, என்று ஒரு வரி. 'பேட்ச் கோப்பு சிஆர்எல்எஃப்', அதாவது 13-10, என்று ஒரு வரி. 'மாதிரி அஞ்சலை உரையாகக் கருதாதே', 'படம் பைனரி' என்று இன்னும் இரண்டு. ஆட்டோசிஆர்எல்எஃப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நுட்பமானதாகத் தோன்றலாம். இதுவும் கோப்பை மாற்றத்தானே செய்கிறது என்று கேட்கலாம். மாற்றும்தான். ஆனால் ஆட்டோ அமைப்பு ஒருவருடைய கணினியில், அவருக்கே மறந்துபோன ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. பத்துப் பேர் குழுவில் பத்து விதமாக இருக்கும். இந்தக் கோப்பு ரெப்போவோடு பயணம் செய்கிறது. டிஃப்பில் தெரிகிறது, விவாதிக்கலாம், யார் எப்போது மாற்றினார் என்று பார்க்கலாம். ஸ்கிரிப்டை எழுதியவருக்குத்தான் அதைப் படிக்கப்போவது பாஷ் என்று தெரியும். முடிவை அவர் எழுதட்டும்.

பழைய ரெப்போவில் இதைச் சேர்க்கும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் கிட்டின் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையில் இஒஎல் என்று கேட்டு எந்தக் கோப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கலப்படமாக இருப்பவை தனியாகத் தெரியும். பிறகு ரீநார்மலைஸ் செய்து, வேறு எந்த மாற்றமும் கலக்காமல் ஒரே கமிட்டாகப் போடுங்கள். ஆயிரம் வரி மாறியதாகத் தெரியும், பரவாயில்லை. அந்தக் கமிட்டின் எண்ணைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால், 2019க்குப் பிந்தைய கிட்டில் பிளேம் அதைத் தாண்டி உண்மையில் எழுதியவரைக் காட்டும். அவசரத் திருத்தத்தோடு இதைக் கலந்து போடுபவர்களை நான் மன்னிப்பதில்லை.

பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கும் குழுத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வருபவருக்குக் கொடுக்கும் தாளில் ஆட்டோசிஆர்எல்எஃப்பை 'ட்ரூ' ஆக்கு என்று ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டு 'ஃபால்ஸ்' என்று எழுதுங்கள். அதே நாளில் உங்கள் ரெப்போவைத் திறந்து கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த வழுவைக் கையில் எடுக்கும் முன் அதை எழுதிச் சேருங்கள்.